இரவு எட்டு மணிப் பசி

வெளியில் வாங்கிச் சாப்பிடுவதற்கு ருசிதான் காரணம் என்பார்கள் சிலர், சோம்பல் என்பார்கள் சிலர். டெல்லியில் வேலைக்குப் போகிறவள் என்ற முறையில் இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாரகம்பா ரோட்டில் ஆறரைக்கு ஆபீஸை விட்டு, புளூ லைன் மெட்ரோவில் நின்றபடியே வந்து, மயூர் விஹாரில் இறங்கி வீடு போய்ச் சேர எட்டு மணி ஆகிவிடுகிறது. அந்த நேரத்துப் பசிக்குப் பொறுமை கிடையாது. ஸ்டேஷன் வாசலிலேயே மோமோ அடுக்கில் ஆவி பறக்கிறது. கையில் போன் இருக்கிறது. வீட்டில் ஊறாத கடலையும் நறுக்காத காயும்தான் இருக்கின்றன என்று மனதுக்குத் தெரிந்துவிட்டால், முடிவு ரோட்டிலேயே ஆகிவிடும்.

வீட்டுச் சமையல் தோற்பது அந்த அரைமணி நேரத்தில்தான். பசி வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருந்தால், பதினைந்து நிமிடத்தில் தட்டில் சாப்பாடு இருக்கும். ஆர்டர் செய்தால்கூட அவ்வளவு சீக்கிரம் வராது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எங்கள் வீட்டில் செலவும் உடம்பும் ஒரு வழிக்கு வந்தன.

நாங்கள் மூன்று பேர். நான், கணவர், ஏழாவது படிக்கும் மகன். வாரத்தில் மூன்று நாலு நாள் இரவுச் சாப்பாடு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில், அதற்கு மட்டும் மாதம் எட்டாயிரத்துக்குக் குறையாமல் போனது. மூன்று பேருக்கு பர்கர், கூடவே உருளைக்கிழங்கு ஃப்ரை, ஒரு கூல்டிரிங்க் என்றால் எல்லாம் சேர்த்து எழுநூறைத் தொடும். பொருளின் விலை மட்டும் அதில் இல்லை. பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம் எல்லாம் ஏறும். ஓட்டல் சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, 2022 ஜனவரியிலிருந்து அதை ஆப்களே வசூலிக்கின்றன. பல கடைகளில் நேரில் போனால் ஒரு விலை, ஆப்பில் ஒரு விலை. ஒருநாள் உங்கள் பில்லை எடுத்து, உணவுக்கு எவ்வளவு, மற்றதுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

அதே மூன்று பேருக்குத் தோசை, வேர்க்கடலைச் சட்னி, முள்ளங்கி சாம்பார் என்றால் எனக்கு எழுபது, எண்பது ரூபாய் ஆகிறது. காஸ் செலவைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் எங்களைத் திருப்பியது பணம் இல்லை. கணவரின் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரை அளவு என்பார்களே, ஹெச்பிஏ1சி, அது 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'ஐசிஎம்ஆர்-இண்டியாப்' (ICMR-INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலை என்று சொன்னது. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய ஆய்வு அது. செய்தியில் படித்தபோது வெறும் எண். நாற்பத்திரண்டு வயதில் இவர் அந்தப் பதின்மூன்று கோடியில் ஒருவர் என்று தெரிந்தபோது வயிற்றைக் கலக்கியது. மருத்துவர் மருந்து எழுதவில்லை. "சாப்பாட்டையும் நடையையும் பாருங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றார்.

முதலில் மாவு. டெல்லியில் தோசை மாவு வைத்துக்கொள்வது ஊரில் வைப்பதுபோல் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உருட்டு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். இட்லி அரிசி ஐஎன்ஏ மார்க்கெட்டில் கிடைக்கும், இப்போது எங்கள் பகுதித் தென்னிந்தியக் கடைகளிலும் கிடைக்கிறது. அரைத்தால் மூன்று கிலோ மாவு வரும், தாராளமாக நாற்பது தோசை. பொருள் செலவு நூற்றுப் பத்து ரூபாய்க்குள். ஒரு தோசை மூன்று ரூபாய்கூட ஆகவில்லை.

சிக்கல் குளிர்காலத்தில். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இரவில் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிடும். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு முப்பது டிகிரி வாக்கில் இருந்தால்தான் சுகம். அதனால் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைப்போம். ஒரு கைப்பிடி ஊறின அவல் சேர்ப்பேன். கரண்டி போடாமல் கையாலேயே நன்றாகக் கலக்குவேன். உப்பை அப்போது போட மாட்டேன். உப்பு பொங்குவதைத் தாமதப்படுத்தும், பொங்கிய பிறகு போட்டால் போதும். பிறகு பெரிய குக்கரில் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, குக்கரை மூடி, ரஜாய் எனும் பழைய பஞ்சுப் போர்வையில் சுற்றி மூலையில் வைப்பேன். சனிக்கிழமை மாலை வைத்தால் ஞாயிறு மதியம் மூடியைத் தட்டிக்கொண்டு நிற்கும். மேலே நுரைநுரையாகக் குமிழி, விரலால் தொட்டால் பஞ்சுபோல் அமுங்கும். ஜனவரியில் அந்த மாவைப் பார்ப்பதில் எனக்கு இருக்கும் சந்தோஷத்தை டெல்லியில் குடித்தனம் செய்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மே, ஜூனில் நேர்மாறு. நாற்பத்தி நாலு டிகிரி வெயிலில் ஐந்து மணி நேரத்தில் புளித்துவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்து, உப்பை அப்போதே போட்டு, லேசாகப் பொங்கியதுமே ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும்.

கணவருக்குச் சர்க்கரை பயம் வந்ததும், தோசையும் அரிசிதானே என்ற கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. இங்கே ராஜஸ்தான் பக்கத்தில்தான் இருப்பதால், குளிர்காலத்தில் பாஜ்ரா மலிவாகக் கிடைக்கும், நம் கம்புதான். அரிசியில் பாதியைக் குறைத்துக் கம்பைச் சேர்த்து அரைக்கிறோம். கம்பு கூடுதல் நேரம் ஊற வேண்டும், இரவே போட்டுவிடுவேன். தோசை கொஞ்சம் கருப்பாக இருக்கும், முறுகலுக்குக் குறைவில்லை. மகன் முதல் வாரம் முகத்தைச் சுளித்தான், அப்புறம் ஒன்றும் சொல்வதில்லை. சட்னிக்குத் தேங்காயை நம்ப முடியாது, டெல்லியில் அது விலை. வேர்க்கடலையை வறுத்துப் பூண்டு, வரமிளகாய், கொஞ்சம் புளி வைத்து அரைத்தால் ருசியும் உண்டு, புரதமும் உண்டு.

அடுத்தது ஊற வைப்பது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து ஃபிளாட் பஞ்சாபி ஆன்ட்டி. அவர் வீட்டுச் சமையலறை மேடையில் எந்த நாளும் ஒரு கிண்ணம் ஏதாவது ஊறிக்கொண்டிருக்கும். ராஜ்மா, கருப்புக் கொண்டைக்கடலை, சாபுத் மூங் எனும் முழுப் பயறு. "நாளைக்கு என்ன சமைப்பதென்று இன்றைக்கே கைக்குத் தெரிந்திருக்க வேண்டும் மகளே" என்பார் இந்தியில். கால் கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலை முப்பத்தைந்து ரூபாய். ஊறினால் எடை இரு மடங்காகும், எங்களுக்கு இரண்டு வேளை வரும். அந்தக் கால் கிலோவில் ஐம்பது கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதே கடலையைக் கடையில் சோலே பட்டூரேயாகச் சாப்பிட்டால் ஒரு தட்டே எண்பது, நூறு ரூபாய், அதில் பாதி வயிற்றை நிரப்புவது எண்ணெயில் பொரித்த மைதா.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வகை ஊறியதும், நான் குக்கரில் வேக வைத்து, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மூன்று நாளுக்குள் தீர்ந்துவிடும். ஒருநாள் சுண்டல், ஒருநாள் வெங்காயம் தக்காளி வதக்கிப் போட்டு சப்பாத்திக்குக் குருமா, ஒருநாள் வெள்ளரிக்காய், எலுமிச்சை போட்டு சாட். ராஜ்மாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் நன்றாகக் குழைய வேக வைக்க வேண்டும். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். நசுக்கினால் மாவாக வேண்டும், அதுதான் பதம்.

காய்க்கு வாரச்சந்தைதான். டெல்லியில் இது ஒரு வரம். சோம் பஜார் (திங்கள்), மங்கல் பஜார் (செவ்வாய்), புத் பஜார் (புதன்) என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கிழமை. மாலையில் ரோட்டோரம் பல்புகளைத் தொங்கவிட்டுக் கடை விரிப்பார்கள். ஆறு மணிக்கு ஒரு விலை, ஒன்பதரைக்கு மேல் வேறு விலை. கடையை ஏறக்கட்டும் நேரத்தில் மீதமுள்ள கீரைக் கட்டுகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் தக்காளியும் வெண்டைக்காயும் அந்த நேரத்தில் பொறுக்கப்பட்டு முடிந்து, நசுங்கியதுதான் மிஞ்சும். அதனால் நான் எட்டரைக்குப் போவேன். ஒரு சுற்று சும்மா நடந்து விலை கேட்டுவிட்டு, திரும்பி வரும்போதுதான் வாங்குவேன். "பையா, சஹி லகாவோ", அதாவது அண்ணா, சரியான விலை போடுங்க என்றால் ஐந்து ரூபாயாவது இறங்கும். கடைசியில் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கொசுறாகப் பையில் விழும்.

ஊர்க் காய்க்கு ஏங்கினால் பர்ஸ் காலியாகும். முருங்கைக்காயும் வாழைக்காயும் இங்கே எப்போதும் கொஞ்சம் விலைதான். இந்த ஊர் மண்ணில் அந்தந்தப் பருவத்தில் எது குவிகிறதோ அதை நம் முறையில் சமைத்துவிட வேண்டும். குளிர்காலத்தில் மேத்தி எனும் வெந்தயக்கீரை, பாலக், பத்துவா எனும் கீரைகள், முள்ளங்கி, சிவப்புக் கேரட், பட்டாணி, காலிஃபிளவர். மேத்தியைச் சாம்பாரில் போடுங்கள், பத்துவாவைப் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள், முள்ளங்கியை இலையோடு வாங்கி இலையைப் பொரியல் செய்யுங்கள். வெயில் காலத்தில் லவுக்கி, தோரி. சுரைக்காயும் பீர்க்கங்காயும்தான் அவை, பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைக்க யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜனவரியில் பட்டாணி குப்பையாய்க் குவியும்போது ஐந்து கிலோ வாங்கி, உரித்து, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, ஈரம் போக ஆறவைத்து ஃப்ரீஸரில் வைத்துவிடுவோம். மழைக்காலத்தில் காய் விலை ஏறும்போது அது கைகொடுக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சில இடங்களில் இருநூறையும் தொட்டதே, அந்த மாதம் முழுக்கப் புளியும் தயிரும்தான் எங்கள் குழம்பைக் காப்பாற்றின.

இவ்வளவு சொல்வதால் தெருச் சாப்பாடு எல்லாமே கெடுதல் என்று நினைப்பவள் இல்லை நான். டிசம்பரில் கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கி, எலுமிச்சையும் மசாலாவும் தூவித் தருவார்கள். மழையில் சுட்ட சோளம். வேகவைத்த முட்டை. குலுக்கித் தரும் முளைகட்டிய பயறு. வெயிலில் எலுமிச்சை பிழிந்த 'சத்தூ', அதாவது வறுத்த கடலை மாவுக் கரைசல், பீகார்க்காரர்கள் இந்த ஊருக்குக் கொண்டுவந்த நல்ல பழக்கம். இவையெல்லாம் மலிவு, நேர்மையான சாப்பாடு. நான் ஒதுங்கிப் போவது கறுத்துப்போன எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துத்தான். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது சிதைந்து கெடுதலான சேர்மங்கள் உருவாகின்றன. அவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. அளந்து பார்க்கும் கருவி நம்மிடம் இல்லை. நிறம், நுரை, காரல் வாடை, இந்த மூன்றும் போதும் விலகி நடக்க.

இன்னொன்று உப்பு. ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாக்கெட் உணவில் சோடியம் என்றுதான் போட்டிருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டு கிராம் உப்பு. மகனுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது கடையில் நூடுல்ஸ், சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துப் பெருக்குவது அவனுக்கு ஒரு விளையாட்டு. சனிக்கிழமை அவன் மோமோ கேட்டால் மறுப்பதில்லை. மூன்று பேரும் நடந்து போய், நின்று சாப்பிட்டுவிட்டு வருவோம். வீட்டுக்கு வரவழைப்பது மட்டும் கிடையாது.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் கண்ணை மூடிக்கொண்டு பேச முடியாது. மலைபோல் வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஒரு ஸ்பூன் உருளைக்கிழங்கு, அப்பளம், ஊறுகாய் என்றால், வீட்டில் செய்தது என்பதற்காக அது ஆரோக்கியம் ஆகிவிடாது. நாங்கள் தட்டில் பாதியைக் காய்க்கு விட்டோம், மீதியில் ஒரு பக்கம் பருப்போ கடலையோ முட்டையோ, ஒரு பக்கம் சோறோ சப்பாத்தியோ. எண்ணெயைத் தினமும் அளக்க முடியாது, மாதக் கணக்கில் அளக்கலாம். மூன்று பேருக்கு இரண்டு லிட்டருக்குள் முடிப்பது என்று வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது கிராம் அளவில் வரும். கணவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கவும் தொடங்கினார். ஆறு மாதம் கழித்து 5.8. இன்னும் அந்த முந்தைய நிலையில்தான், ஆனால் இறங்கு முகம்.

அப்புறம் ஒரு விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். வீட்டில் சமைத்தால் மலிவு என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆபீஸிலிருந்து அதே மெட்ரோவில், அதே களைப்போடு வரும் மனைவியின் உழைப்பு அது. அந்த உழைப்பை இலவசம் என்று எழுதிவிட்டு எண்பது ரூபாயில் மூன்று பேர் சாப்பிட்டோம் என்று பெருமைப்படக் கூடாது. எங்கள் வீட்டில் இதைப் பேசித் தீர்த்தோம். மாவு அரைப்பதும் கிரைண்டர் கழுவுவதும் கணவர். கடலை ஊற வைப்பதும் பட்டாணி உரிப்பதும் மகன். சந்தையும் அடுப்பும் நான். செவ்வாயும் வியாழனும் தோசை ஊற்றுவது அவர். முதல் தடவை ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தபோது, "ஏம்ப்பா, நீ போய் உட்காரு, அவ பாத்துக்குவா" என்றார். "இருக்கட்டும்மா, இன்னிக்கு என் முறை" என்று அவர் தோசையைத் திருப்பிப் போட்டார். அத்தை அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது தோசையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தனியாக இருப்பவர்களுக்கு இது எல்லாம் பொருந்தாது என்று தெரியும். எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த திண்டுக்கல் பெண் ஒருத்தி லட்சுமி நகரில் பிஜியில், அதாவது பேயிங் கெஸ்டாக, இருக்கிறாள். "அக்கா, எங்க ரூம்ல அடுப்பே வைக்க விட மாட்டாங்க, கெட்டில் மட்டும்தான்" என்றாள். கெட்டில் இருந்தால் நாலு முட்டை வேகும். காலையில் ஆபீஸ் கிளம்பும்போது பச்சைப்பயறை டப்பாவில் ஊறப்போட்டுவிட்டால் இரவு வரும்போது தயார், மறுநாள் ஈரத்துணியில் முளையும் விடும். ராஜ்மா முளையை மட்டும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி வைத்தேன். சத்தூ மாவு அரைக் கிலோ, வறுத்த வேர்க்கடலை, வாழைப்பழம், தயிர், கேரட், வெள்ளரிக்காய். அவலைக் கழுவிப் பத்து நிமிடம் வைத்து, தயிரும் உப்பும் போட்டுப் பிசைந்தால் தயிர்சாதம் மாதிரி ஒரு வேளை ஓடிவிடும். இதற்கெல்லாம் இரவுக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் ஆகாது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா மாவும் கொடுத்தனுப்புகிறேன். பிஜி ஆன்ட்டி தோசை சாப்பிட ஆசைப்பட்டு, வாரத்தில் ஒருநாள் தன் அடுப்பைத் திறந்துவிட்டாராம்.